திரைக்குப் பின்னால் ஒரு மீன் தொட்டி

மீன் கடையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். மீன் கடை என்றதும் கீரி, சாளை, பாரைக்குட்டி என்று நினைத்துப் பையோடு வந்துவிடாதீர்கள். ஆணம் காய்ச்சிச் சோற்றில் ஊற்ற உதவாத மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் போட்டு விற்கிற கடை அது. கல்முனையில் அப்படி ஒரு கடை திறந்தபோது, "தின்ன ஏலாத மீன எந்த மடையன் வாங்குவான்?" என்று பஸாரே சிரித்ததாம். மடையர்கள் ஊரில் தாராளமாகவே இருந்தார்கள். அவர்களுடைய தயவில்தான் நான் மூன்று பிள்ளைகளைக் கரைசேர்த்தேன்.

போன மாதம் அந்தப் பழைய கடைப் பக்கம் போனேன். இப்போது அதை நடத்துகிறவர்கள் ஒரு புது லைட்டை எடுத்துக் காட்டினார்கள். அதற்கு ஒரு ரிமோட். ஒரு பொத்தானை அமத்தினால் சூரியன் உதிக்கிறது, இன்னொன்றை அமத்தினால் நிலா. மூன்றாவதை அமத்தினால் இடியும் மின்னலும். உள்ளே இருந்த கப்பி மீன்கள் உலகம் அழிகிற கியாமத்து நாள் வந்துவிட்டதென்று மூலைக்கு ஓடின. "எப்பிடி காக்கா?" என்று பெருமையாகக் கேட்டார்கள். எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன். மீனிடம் கேளுங்கள் என்றேன். அதற்கு அவர்கள் சிரித்துவிட்டு, வீட்டுத் தொட்டிக்கு எந்த லைட் பொருத்தம் என்று தங்கள் முகநூல் பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னார்கள். அதை இரண்டு வரியில் முடிக்கலாம்: சின்ன லைட், குறைந்த நேரம். ஆனால் இரண்டு வரிக்கு யார் லைக் போடுவார்கள்? ஆகவே நீட்டி எழுதுகிறேன்.

வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணாடி வெட்டும்போது விரலை வெட்டினேன். சிலிக்கன் பூசும்போது விரலை ஒட்டினேன். ஈரக் கையால் பிளக்கைத் தொட்டுச் சுவரோடு போய்ச் சேர்ந்தேன். அன்றைக்குத்தான் முதலாளி என்னை லைட் வேலைக்கு மாற்றினார். கரண்ட் அடித்தும் சாகாதவன் அந்த வேலைக்குத் தகுதியானவன் என்பது அவருடைய கணக்கு.

முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் அழைப்பார்கள். ஹஜ்ஜுக்குப் போவதற்கு முந்தியே அந்தப் பெயர் அவருக்கு வந்துவிட்டது; பிறகு பெயரைக் காப்பாற்றுவதற்காகவே போய் வந்தார் என்று பஸாரில் கதைப்பார்கள். குட்டையான மனிதர். எப்போதும் வெள்ளைச் சாரன், அதில் எப்போதும் பாசி. லைட் வேண்டுமென்று யாராவது கடைக்கு வந்தால் லைட்டை மட்டும் காட்டமாட்டார். முதலில் கேள்வி கேட்பார். தொட்டிக்குப் பக்கத்தில் ஜன்னல் இருக்கிறதா? வெயில் காலையில் விழுகிறதா, பின்னேரம் விழுகிறதா? உள்ளே இருப்பது உயிர்ச் செடியா, பிளாஸ்டிக்கா? பிளாஸ்டிக் செடிக்கு வெளிச்சம் கொடுத்து வளர்க்கப் பார்த்தவர்களும் எங்கள் வாடிக்கையாளர்களில் உண்டு. கடல் எத்தனை தூரம்? இந்தக் கேள்வியைக் கேட்டதும் பலர் முழிப்பார்கள். கரையோர வீடுகளில் உப்புக் காற்று லைட்டின் தகர மூடியை ஒரு மழைக்காலத்துக்குள் தின்றுவிடும். அந்தத் துரு தொட்டிக்குள் கொட்டும். ஆகவே கடலைப் பார்த்த வீட்டுக்குப் பிளாஸ்டிக் உடம்பும் ரப்பர் அடைப்பும் உள்ள லைட்தான் கொடுப்பார், அது எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும்.

கடைசிக் கேள்வியை ஆளின் முகத்துக்கு நேரே பார்த்துக் கேட்பார். "எத்தின மணிக்கு நிப்பாட்டுவீங்க?"

"அது... படுக்கக்குள்ள, ஹாஜியார்."

"எத்தின மணிக்குப் படுப்பீங்க?"

ஊரில் பெரிய மனிதர்களெல்லாம் இந்த இடத்தில் நெளிவார்கள். ஹாஜியார் விடமாட்டார். "மீனுக்குக் கண்ணுல இமையில்ல. உங்கட சுவிச்சுதான் அதுட இமை. நீங்க மூடினாத்தான் அது மூடும்" என்பார். எட்டு மணித்தியாலத்துக்கு மேல் லைட் எரிப்பேன் என்கிறவருக்கு லைட் கிடையாது. கோபித்துக்கொண்டு போய் வேறு கடையில் வாங்கியவர்களும் உண்டு. தண்ணீர் பச்சையானதும் அவர்களே திரும்பி வருவார்கள்.

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலைக்காரர், நெல் காயப்போடும் களத்தில் இருந்த பெரிய லைட்டைக் கழற்றி வந்து வீட்டுத் தொட்டிக்கு மேலே பூட்டிவிட்டார். பக்கத்தில் பெரிய ஜன்னல் வேறு. மீன் எங்கே என்று தெரியாதபடி தண்ணீர் பச்சைக் கூழாகிவிட்டது. நாங்கள் போனபோது அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"பச்சையா இரிந்தா நல்லந்தானே ஹாஜியார்? வயல் மாதிரி இரிக்கி."

"வயலுக்குள்ள மீன் தெரியுமா?"

"தெரியாதுதான்."

"இதுக்குள்ளயும் தெரியல்ல."

பெரிய லைட்டைக் கழற்றினோம், ஜன்னலுக்குத் தடித்த சீலை போட்டோம், ஒரு சின்ன டியூப் லைட்டைப் பூட்டினோம். லைட் பூட்ட ஆளைக் கூப்பிட்டால் இருந்த லைட்டையும் கழற்றுகிறார்களே என்று ஆலைக்காரர் வாசல் வரை வந்து புலம்பினார். மாதம் முடியுமுன் தண்ணீர் தெளிந்தது. உள்ளே தான் விட்டதைவிட மீன் குறைவாக இருக்கிறது என்று அடுத்த புலம்பல் தொடங்கியது. எங்கள் தொழிலில் நன்றி என்பது இவ்வளவுதான். கரண்ட் வெட்டி வெட்டி ஊரே அரசாங்கத்தை ஏசிய அந்த வருடத்தில் மட்டும் பச்சைத் தண்ணீர் என்று ஒருவர்கூடக் கடைக்கு வரவில்லை. இத்தனை வருடம் ஹாஜியார் தொண்டை கிழியச் சொன்னதை மின்சார சபை ஒரே வருடத்தில் சாதித்துக் காட்டியது.

இனி, என் வேலைக் காலத்திலேயே என்னை அதிகம் பாடுபடுத்திய தொட்டிக்கு வருகிறேன். அந்தத் தொட்டியை நான் மாதக்கணக்காகக் கண்ணாலேயே பார்க்கவில்லை.

மருதமுனையில் ஜமால்தீன் என்று ஒருவர் இருந்தார். கட்டாரில் பல வருடம் டிரைவராக இருந்துவிட்டு வந்தவர். வந்ததும் வீட்டு ஹோலில் பெரிய தொட்டி வைத்து, அதில் ஒரேயொரு ஒஸ்கார் மீனை வளர்த்தார். ஒஸ்கார் என்பது உள்ளங்கையைவிடப் பெரிதாக வளர்கிற, ஆளை அடையாளம் தெரிந்துகொள்கிற மீன். கையால் கொடுத்தால்தான் தின்னும். அதற்கு அவர் வைத்த பெயர் அர்பாப். கட்டாரில் தன் முதலாளியை அவர் அப்படித்தான் அழைக்க வேண்டியிருந்ததாம். "அங்க அவனுக்கு நான் சோறு கொண்டுபோனன், இங்க இவனுக்கு. இவன் ஏசுறதில்ல, அதுதான் வித்தியாசம்" என்பார். ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், மௌத்தாகிவிட்டார்.

அவருடைய மனைவி பரீதா இத்தாவில் இருந்தார். கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதத்துக்கு மேல் வீட்டோடு இருந்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் கழிக்கும் காலம் அது. எங்கள் ஊர்களில் மார்க்கம் ஒரு முழம் சொன்னால் உறவுக்காரப் பெண்கள் இன்னொரு முழம் சேர்ப்பார்கள். பரீதாவின் மூத்த சகோதரி ஸரீனா ராத்தா இரண்டு முழம் சேர்ப்பவர். தங்கச்சியின் அறை ஜன்னலுக்குச் சீலை கட்டினார். நிலைக்கண்ணாடியை மூடினார். மௌத்து வீட்டுக்கு வந்த பிள்ளைகள் தொட்டியைத் தட்டி பிஸ்கட் போடுகிறார்கள் என்று பரீதா அழுததால் தொட்டியைத் தூக்கி அந்த அறைக்குள்ளேயே வைத்தார்கள். அதுவும் கண்ணாடிதானே என்று ராத்தா அதையும் மூடப் போனாராம். பரீதா விடவில்லை.

பிறகு மீன் தின்பதை நிறுத்தியது. அடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிறம் வெளுத்துக் கிடந்தது. ராத்தா கடைக்குப் போன் பண்ணினார். லைட் பிழையாக இருக்கும், நல்ல லைட்டாகப் பார்த்துத் தாருங்கள் என்றார். நானும் ஹாஜியாரும் ஓட்டோவில் போனோம்.

அறை வாசலில் வெள்ளைத் திரை. திரைக்கு வெளியே எங்களுக்கு இரண்டு கதிரை. நடுவில் ராத்தா. பரீதா கொஞ்ச நேரம் பக்கத்து அறைக்குப் போனால் உள்ளே போய்த் தொட்டியைப் பார்த்துவிடலாம் என்று ஹாஜியார் சொல்லிப் பார்த்தார். இத்தா இருக்கிற அறைக்குள் வேற்று ஆண் கால் வைக்கக் கூடாது என்றார் ராத்தா. அது எந்த மார்க்கக் கிதாபில் இருக்கிறது என்று கேட்கிற தைரியம் ஹஜ் செய்த மனிதருக்கும் வரவில்லை. போனில் படம் எடுத்துத் தரச் சொன்னோம். எடுத்தார். அதில் அறை கல்யாண வீடு போல் பளிச்சென்று இருந்தது. போன் கமரா இருட்டை வெளிச்சமாக்கும், வெளிச்சத்தை வெள்ளையாக்கும். அதை நம்பி லைட் தெரிவு செய்ய முடியாது.

ஆகவே ஹாஜியார் கேட்டுக் கேட்டுத்தான் அளக்க வேண்டியிருந்தது.

"தொட்டிக்கு மேல கைய விரிச்சுப் புடிக்கச் சொல்லுங்க. அடியில விழுற நிழல் கறுப்பா இரிக்கா, சாம்பலா இரிக்கா?"

ராத்தா திரும்பி, "பரீதா, நிழல் கறுப்பா சாம்பலா எண்டு கேக்கிறார்" என்றார்.

"கறுப்பு" என்று திரைக்கு உள்ளிருந்து தெளிவாகக் கேட்டது.

"கறுப்பாம்" என்றார் ராத்தா எங்களிடம்.

"விரல் விரலாத் தெரியுதா?"

"விரல் விரலாத் தெரியுதாகா, பரீதா?"

"ஓம், நகம் கூடத் தெரியுது."

"தெரியுதாம். நகம் கூடத் தெரியுதாம்."

நகம் தெரிகிற நிழல் என்றால் வெளிச்சம் மிக அதிகம். ஜமால்தீன் கட்டாரிலிருந்து கொண்டுவந்த லைட் அது, அந்த வெளிச்சத்தில் விமானமே இறக்கலாம். ஒஸ்கார் கலங்கிய ஆற்றில் வாழ்கிற சாதி, அதற்கு மங்கலான வெளிச்சமே போதும். சின்ன லைட் ஒன்றைத் திரைக்குக் கீழால் தள்ளிவிட்டோம். ராத்தா அதைத் தலைகீழாகப் பூட்டி முகட்டுக்கு வெளிச்சம் அடித்தார். நான் வெளியில் நின்று கத்திக் கத்தித் திருத்தினேன். அதற்குள் ஹாஜியார் தேத்தண்ணி குடித்து முடித்து, கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

ஓட்டோவில் ஏறியதும் கேட்டேன். "ஹாஜியார், கடைசிக் கேள்விய மறந்திட்டீங்களே?"

"இத்தாவுல இரிக்கிற பொம்புளக்கிட்ட எத்தின மணிக்குப் படுப்பீங்க எண்டு கேக்கச் சொல்றியா றபீக்கு? என்ட மனிசி கேள்விப்பட்டா நான் எங்க படுக்கிற?"

நியாயமான கேள்விதான்.

மீன் எழும்பவில்லை. அதற்குள் அயல் வீடுகளில் கதை பரவிவிட்டது. மீனும் இத்தா இருக்கிறது என்று ஒருத்தி சொல்ல, அதைப் பார்ப்பதற்கென்றே பெண்கள் வரத் தொடங்கினார்களாம். இத்தாவில் கலர் லைட் அலங்காரமாகாதா என்று இன்னொருத்தி கிளப்பிவிட, ராத்தா மௌலவியிடமே ஆள் அனுப்பிவிட்டார். மௌலவி நல்ல மனிதர். "அலங்காரம் கூடாதெண்டது அவவுக்கு. மீனுக்கு இல்ல" என்று சொல்லியனுப்பினார்.

ஆனால் ராத்தா அடுத்த முறை போன் பண்ணியபோது குரல் வேறு மாதிரி இருந்தது. "தம்பி, மீன் வாய் வெச்சாத்தான் இவ வாய் வெக்கிற. அது தின்னாம இரிக்கிறதால இவளும் தின்னுறாளில்ல. எலும்பாப் போனாள். அந்த மீனுக்கு ஒண்டு நடந்தா என்ட தங்கச்சிய என்னால புடிக்க ஏலாது." எனக்குப் பகிடி விட வரவில்லை. பயமாக இருந்தது. ஒரு மீனின் வயிற்றில் ஒரு மனுசியின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது, அதற்கு லைட் கொடுத்தவர்கள் நாங்கள்.

ஹாஜியார் என்னைத் தனியாக அனுப்பினார். "நீ போய்க் கேளு" என்றார். எதை என்று சொல்லவில்லை. எனக்கு விளங்கியது.

திரைக்கு முன்னால் உட்கார்ந்து தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். முன்னமே கேட்டதையெல்லாம் திரும்பக் கேட்டேன். தேத்தண்ணி இரண்டு முறை வந்தது. கடைசியில் ராத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னகா இவர், என்னத்தையோ கேக்க வந்துட்டுக் கேக்காம நெளியிறார்?"

"லைட்ட... எத்தின மணிக்கு... நிப்பாட்டுற?" என்றேன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

ராத்தா வழக்கம்போல் அதைத் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் உள்ளிருந்து நேரடியாகவே பதில் வந்தது.

"நான் நிப்பாட்டுறதே இல்ல காக்கா."

ராத்தா திரையைத் திரும்பிப் பார்த்தார். பரீதாவே தொடர்ந்து சொன்னார்.

"இருட்டுல எனக்குப் படுக்க ஏலாம இரிக்கி. கண்ண முழிச்சா அது அசையிறது தெரியணும். அது தெரிஞ்சா, அறைக்குள்ள இன்னொரு உசிரு இரிக்கி எண்டு மனசு நிக்கும்."

ராத்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஜமால்தீன் போன நாளிலிருந்து அந்த மீனுக்கு இரவே வரவில்லை. நாங்கள் வெளிச்சத்தைக் குறைத்தோமே தவிர, அது ஒரு நிமிடமாவது நின்றதா என்று பார்க்கவில்லை. இமையில்லாத பிராணி, எங்கே போய் ஒளியும்? நான் அதை என்னால் முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன். அழுவார் என்று பயந்தேன். அவர் அழவில்லை.

"அப்ப என்னாலதான் அது சாகப் போகுதா?" என்று கேட்டார். பிறகு, "அதுக்கு இருட்டா இரிக்கணும், எனக்கு வெளிச்சமா இரிக்கணும். அப்பிடி ஒரு லைட்டு உங்கட கடையில இல்லையா?" என்றார்.

இத்தனை வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் லைட்டைப் பற்றி இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழும்பி வந்தேன்.

"அப்பிடி லைட்ட எவனும் செய்யல்ல" என்றார் ஹாஜியார். அறைக்கு வேறு விளக்கு வைத்துத் தொட்டியை மூடலாமென்றார். மூடினால் அசைவது தெரியாது என்றேன். நிலா வெளிச்சம் போல நீல லைட் என்றார். விடிய விடிய எரிந்தால் நீலமென்ன, வெள்ளையென்ன என்றேன். இருவரும் கடையில் நின்று சத்தம் போட்டோம். அப்போதுதான் மூலையில் இருந்த தொட்டி கண்ணில் பட்டது. அதன் லைட்டில் ஒரு பாதி துருப்பிடித்து அணைந்து பல மாதம். மாற்றுங்கள் என்று நான் சொல்வேன்; பாதி எரிகிறதுதானே என்று ஹாஜியார் சொல்வார். கஞ்சத்தனத்தில் அவருக்கு இணையில்லை. அந்தத் தொட்டியில் இருந்த ஒஸ்கார் குட்டிகள் அத்தனையும் அணைந்த பாதியில் கூடி நிம்மதியாக நின்றன. ஒன்று மட்டும் அடிக்கடி வெளிச்சப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

ஹாஜியார் என்னைப் பார்த்தார். "பாத்தியா? நான் காரணத்தோடதான் விட்டன்" என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

சாண் நீளத்தில் ஒரு லைட்டைத் தெரிவு செய்தோம். மஞ்சள் சாயல், கை நிழல் சாம்பலாக விழுகிற அளவு. தொட்டியின் ஒரு தொங்கலில், பரீதா படுக்கிற பக்கமாக மட்டும் அது நிற்கும். மற்றப் பாதிக்கு மேலேயும் பின்னாலேயும் பக்கத்திலேயும் கறுப்புத் தாள். வெளிச்சம் அங்கே ஒழுகாமலிருக்க நடுவில் பெரிய கல் ஒன்று. மீனுக்கு இருட்டு வேண்டுமானால் போகலாம், வெளிச்சம் வேண்டுமானால் வரலாம். தாளை அளவாக வெட்டி, எது மேல் எது கீழ் என்று எழுதித் திரைக்குள் அனுப்பினேன். இந்த முறை பூட்டியது ராத்தா அல்ல, பரீதா. ஒன்றும் தலைகீழாகவில்லை.

மறுநாள் முதல் அர்பாப் இருட்டுக்குள் போய்விட்டது. பரீதாவுக்கு வால் நுனி மட்டும் தெரிந்ததாம். அது அவருக்குப் போதவில்லை, மீனை யாருக்கோ கொடுத்துவிட்ட மாதிரி இருக்கிறதாம் என்று ராத்தா போனில் சொன்னார். இரவில் எரிவதற்கு ஈடாகப் பகலில் லைட்டை முழுக்க நிறுத்தச் சொன்னேன். சில நாள் கழித்து இன்னொரு போன். மீனுக்கு நிறம் திரும்பியிருக்கிறது. இறால் துண்டொன்றைக் கையிலிருந்து பறித்திருக்கிறது, விரலையும் சேர்த்து. "இவளும் ஒரு கோப்ப சோறு திண்டாள் தம்பி" என்று சொல்லி ராத்தா அழுதார். அன்று ஹாஜியார் எனக்குத் தன் செலவில் தேத்தண்ணி வாங்கித் தந்தார். கடை வரலாற்றில் அது முதல் தடவை.

இத்தா முடிந்த பிறகு, தொட்டியைத் திரும்ப ஹோலுக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும் என்று ராத்தா கூப்பிட்டார். போனேன். வாசலில் நின்றவரைக் குரலை வைத்துத்தான் பரீதா என்று கண்டுபிடித்தேன். அவ்வளவு சின்ன உருவத்தை நான் நினைத்திருக்கவில்லை. ஹோலில் லைட்டை எங்கே பூட்டுவது என்று ராத்தா எனக்கு விளக்கத் தொடங்கினார்.

"தொட்டி அறையிலயே கிடக்கட்டும் ராத்தா" என்றார் பரீதா. பிறகு என்னைப் பார்த்து, "ராவையில லைட்டு இப்ப தேவைப்படுறதில்ல காக்கா. நிப்பாட்டிட்டுத்தான் படுக்கிற" என்றார்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. முதன்முதலாக அறைக்குள் போய்த் தொட்டியைப் பார்த்தேன். அர்பாப் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மதிக்காமல் திரும்பிக்கொண்டது. தொட்டிக்குப் பின்னால் காற்று மோட்டர், லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போல் கர் கர் என்று கத்திக்கொண்டிருந்தது. ஹாஜியார் அன்பளிப்பாகச் சத்தமே போடாத புது மோட்டர் ஒன்றைத் தந்தனுப்பியிருந்தார். பழையதைக் கழற்றக் கையை நீட்டினேன்.

"அதக் கழட்டாதீங்க."

"இது பழசு தங்கச்சி, இந்தச் சத்தத்தோட எப்பிடி நித்திரை கொள்ளுற?"

பரீதா மோட்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு லேசாகச் சிரித்தார்.

"கட்டாரால வந்த நாள்லயிருந்து அந்த மனிசன்ட குறட்டையில எனக்கு நித்திரையே இல்ல காக்கா. இருட்டுல கேட்டா, இது அப்பிடியே அவர்தான்."

புது மோட்டரைத் திருப்பிக் கொண்டுவந்து ஹாஜியாரின் மேசையில் வைத்தேன்.

"ஏன், புடிக்கல்லையாமா?" என்றார்.

"சத்தம் போதாதாம்" என்றேன்.